அப்பாவின் கணைய ஆபரேஷனுக்கு ஜெர்மனி போகலாமா?

தென்னந்தோப்பு_கொழிஞ்சாம்பாறை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் தோட்டம். அப்பாவுக்கு 61 வயது. ஆடி மாசம் கண் மஞ்சளானது. மஞ்சக்காமாலைதானே என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பத்து நாளை ஓட்டிவிட்டோம். அப்புறம் உடம்பெல்லாம் அரிப்பு. ராத்திரி தூங்காமல் உட்கார்ந்துகொண்டு, தேங்காய் நாரை எடுத்து முதுகைத் தேய்த்துவிடச் சொல்வார். தேய்த்துத் தேய்த்து ரத்தம் கசிந்தது.

கோயம்புத்தூரில் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். கணையத்தின் தலைப்பகுதியில் 2.6 சென்டிமீட்டர் கட்டி. பெரிய ரத்தக் குழாய்களைத் தொடவில்லை, எடுத்துவிடலாம், கணையத் தலையையும் அதை ஒட்டிய குடலையும் சேர்த்து எடுக்கிற விப்பிள் ஆபரேஷன் என்றார்கள். மஞ்சள் அளவைக் காட்டுகிற பிலிருபின் 19 இருந்ததால், பித்தம் வடிய பித்தக் குழாயில் முதலில் ஸ்டென்ட் என்ற சின்னக் குழாயை வைத்தார்கள். இப்போது 6க்கு இறங்கியிருக்கிறது. அரிப்பும் குறைந்துவிட்டது.

என் மனைவியின் அண்ணன் ஜெர்மனியில் மான்ஹைமில் இருக்கிறார். பக்கத்தில் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி. கணைய ஆபரேஷனுக்கு உலகத்திலேயே பெரிய இடங்களில் ஒன்று, இங்கே கூட்டிக்கொண்டு வாருங்கள் மாப்பிள்ளை என்று தினமும் போன். கிழக்குப் பக்கம் இரண்டு ஏக்கரை விற்றால் பணம் புரட்டிவிடலாம். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அப்பாவுக்குத் தமிழும் மலையாளமும் தவிர எதுவும் தெரியாது, ஒரு வேளை சோறு இல்லாமல் இருக்க மாட்டார். நல்ல இடத்தைத் தெரிந்துகொண்டே கூட்டிப் போகாமல் விட்டோமே என்று பின்னால் நான் வருத்தப்படக் கூடாது. யாராவது இந்த ஆபரேஷனுக்கு வெளிநாடு போய் வந்திருக்கிறீர்களா? எத்தனை நாள் தங்க வேண்டியிருந்தது?

குமுளிக்காரன் எழுதியது:

நான் எட்டு வருஷமாக ஜெர்மனியில் இருக்கிறேன். ஆஸ்பத்திரியைப் பற்றி உங்கள் மச்சான் சொல்வது சரிதான். காசு விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். இங்கே அரசுக் காப்பீட்டில் மனைவி, பிள்ளைகளைச் சேர்க்கலாம், பெற்றோரைச் சேர்க்க முடியாது. மச்சானின் காப்பீடு உங்கள் அப்பாவுக்கு உதவாது. பயணக் காப்பீடும் முன்கூட்டியே முடிவுசெய்த சிகிச்சைக்குப் பணம் தராது. ஆக எல்லாம் கைக்காசு. ஆஸ்பத்திரியின் கடிதம், செலவு மதிப்பீடு, அதைக் கட்டுவதற்கான ஆதாரம் எல்லாம் வைத்துத்தான் விசா கேட்க வேண்டும். ஊரில் இருந்து பணம் அனுப்ப, ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம், வைத்தியத்துக்கு அதற்கு மேலும் மதிப்பீட்டைக் காட்டி அனுப்ப வழி உண்டு. பணத்தைவிட நாள்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. கட்டி காத்திருக்காது.

மீனாட்சிபுரம்_அக்கா எழுதியது:

தம்பி, உங்கள் பதிவைக் காலையில் படித்தேன். சமையல் ஓடவில்லை. தேங்காய் நார் என்று எழுதியிருந்தீர்களே, எங்கள் வீட்டில் அது சோளத்தட்டு. அதே அரிப்பு, அதே ராத்திரி.

2019இல் என் வீட்டுக்காரரைச் சிங்கப்பூர் கூட்டிப் போனேன். கொழுந்தனார் அங்கே இருபது வருஷமாக இருக்கிறார், கோயம்புத்தூரில் இருந்து நேர் விமானம், நாலரை மணி நேரம். அங்கே தமிழும் ஆட்சிமொழி, ரயில் நிலையத்தில்கூடத் தமிழில் எழுதியிருக்கும். அதனால் உங்கள் அப்பாவுக்கு வரப்போகிற பேச்சுக் கஷ்டம் எங்களுக்கு இல்லை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்குக் கட்டி இருந்தது பித்தக் குழாய் குடலில் திறக்கிற வாயில், கணையத்துக்குள் இல்லை. ஆபரேஷன் ஒன்றேதான், ஆனால் நோயின் போக்கு வேறு. அவர் இன்று நன்றாக இருப்பதை வைத்து நீங்கள் கணக்குப் போடக் கூடாது.

ஆபரேஷன் ஏழு மணி நேரம். கணையத்தின் தலை, முன்குடல், பித்தப்பை, பித்தக் குழாயின் கீழ்ப்பாகம் எல்லாம் போய்விட்டது. மிச்சக் கணையத்தையும் பித்தக் குழாயையும் இரைப்பையையும் சிறுகுடலில் மூன்று இடத்தில் தைத்தார்கள். வெளியே வந்தபோது மூக்கில் ஒன்று, கழுத்தில் ஒன்று, வயிற்றில் இரண்டு, மூத்திரத்துக்கு ஒன்று என்று ஐந்து குழாய். மூன்றாம் நாள் வயிற்றுக் குழாயில் வடிகிற நீரை, கணைய நீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிற அமைலேஸ் பரிசோதனைக்கு எடுத்தார்கள். அதுவரை இளஞ்சிவப்பாக வந்த நீர், அன்று அரிசி கழுவின தண்ணீர் மாதிரி கலங்கி வந்தது. கணையத் தையல் கசிகிறது என்றார்கள். இந்த ஆபரேஷனில் எல்லோரும் பயப்படுவது இந்தக் கசிவுக்குத்தான், எவ்வளவு கைதேர்ந்தவர் செய்தாலும் சிலருக்கு வரும். கணையம் மிருதுவாக, அதற்குள் ஓடுகிற குழாய் சின்னதாக இருந்தால் இன்னும் அதிகம் வருமாம். அப்புறம் இரைப்பை வேலை செய்யவில்லை. மூக்குக் குழாயை எடுப்பார்கள், இரண்டு வாய் தண்ணீர் குடிப்பார், பச்சையாக வாந்தி, மறுபடி குழாய். பதினோரு நாள் இப்படி.

மூன்று வாரம் என்று சொல்லிப் போனவர்கள் ஏழு வாரம் இருந்தோம். எங்களுக்குக் கொடுத்த மதிப்பீடு சிக்கல் இல்லாத ஆபரேஷனுக்கானது. சிக்கல் வந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் தெளிவாகச் சொல்லவில்லை. பத்தாம் நாள் மறுபடி முன்பணம் கட்டச் சொன்னார்கள். கொழுந்தனார் தன் சேமிப்பை உடைத்தார். அந்தக் கடனை இன்னும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். விசிட் பாஸை நீட்டிக்க அலைந்தது தனிக் கதை.

ஆஸ்பத்திரியை விட்டு வந்ததும் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஓர் அறை எடுத்தோம். தேக்கா சந்தையில் புழுங்கலரிசி வாங்கி, மின்சார அடுப்பில் நொய்க்கஞ்சி காய்ச்சுவேன். ஒரு டம்ளர் கஞ்சியை ஆறு தடவையாகக் கொடுக்க வேண்டும். மூன்றாவது ஸ்பூனில் கையை நெஞ்சில் வைத்துவிடுவார், அதுதான் போதும் என்பதற்கு அடையாளம். அவர் முகம் அப்போது சின்னப் பையன் முகம் மாதிரி இருக்கும். ஒரு வேளை சோறு இல்லாமல் அப்பா இருக்க மாட்டார் என்று எழுதியிருந்தீர்கள். முதல் ஒரு மாதம் சோறு கிடைத்தாலும் இறங்காது தம்பி. பக்கத்தில் யார் உட்கார்ந்து ஊட்டுகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் மச்சானும் அவர் மனைவியும் காலையில் வேலைக்குப் போனால், ஜெர்மனிக் குளிரில் அந்த வீட்டில் உங்கள் அம்மா தனியாக என்ன செய்வார்?

நான் இவ்வளவு நீளமாக எழுதுவதே இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான்.

ஊருக்கு வந்து பத்தொன்பதாம் நாள், நடுராத்திரி, குளிர்காய்ச்சல். கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுக்கம். மூன்று கம்பளி போட்டும் நிற்கவில்லை. கார் பிடித்துப் பொள்ளாச்சி போய், அங்கிருந்து கோயம்புத்தூர். முதல் ஆஸ்பத்திரியில் ஃபைலை வாங்கிப் பார்த்தார்கள், இது நாங்கள் செய்த ஆபரேஷன் இல்லையே, செய்த இடத்தையே கேளுங்கள் என்றார்கள். இரண்டாவது இடத்திலும் அதேதான். செய்த இடம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது! மூன்றாவது இடத்தில் ஓர் இளம் டாக்டர் சேர்த்துக்கொண்டார். அவர் கேட்ட முதல் கேள்வி, குடலை எப்படித் தைத்திருக்கிறார்கள், உள்ளே ஸ்டென்ட் ஏதாவது விட்டிருக்கிறார்களா என்பதுதான். எங்களிடம் இருந்தது இரண்டு பக்கம் டிஸ்சார்ஜ் சம்மரி. ஆபரேஷன் குறிப்பு இல்லை. கொழுந்தனாரை எழுப்பி, அவர் ஆஸ்பத்திரிக்கு ஓடி, மறுநாள் மதியம் மெயிலில் வந்தது. பித்தக் குழாயில் கிருமித் தொற்று. அந்த ஒரு ராத்திரியும் ஒரு காலையும் அவர் உயிர் அந்தப் பையன் டாக்டரின் துணிச்சலில் இருந்தது.

அதனால் தம்பி, போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே என் வீட்டுக்காரரை வெட்டிய கை நல்ல கைதான். ஆனால் டிக்கெட் போடுவதற்கு முன்னால், யார் ஆபரேஷன் செய்தாலும் இவர் என் நோயாளி என்று சொல்கிற ஒரு சர்ஜனை இங்கே கண்டுபிடியுங்கள். கோயம்புத்தூரோ, கொச்சியோ, காரில் போய்ச் சேருகிற தூரத்தில். அப்படி ஒருவர் கிடைத்தார் என்றால், அவரே ஏன் செய்யக் கூடாது என்பதையும் அவரிடமே கேளுங்கள். ஆபரேஷனுக்குப் பின்னும் புற்றுக்கான கீமோ மருந்து ஆறு மாதம் இங்கேதான் போட வேண்டியிருக்கும். ஆபரேஷன் ஆகிப் பன்னிரண்டு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது என்றார்கள். நாங்கள் பதினோராவது வாரத்தில்தான் தொடங்கினோம், மூச்சு வாங்கிக்கொண்டு.

இன்னொன்று, மாத்திரை. கணைய நீர் குறைந்துவிடுவதால் சாப்பிடும்போது என்சைம் காப்ஸ்யூல் போட வேண்டும். முதல் வாயோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் ஒன்று. வெறும் வயிற்றில் போட்டால் பிரயோஜனம் இல்லை. விலையைப் பார்த்து இவர் எனக்குத் தெரியாமல் நிறுத்திவிட்டார். ஒன்பது கிலோ இறங்கினார். கக்கூசில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

தென்னந்தோப்பு_கொழிஞ்சாம்பாறை எழுதியது:

அக்கா, அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். அழுதுவிட்டார். ஆபரேஷன் குறிப்பு, சிக்கலுக்கான செலவு, இரண்டையும் நான் யோசித்ததே இல்லை. ஒரு சந்தேகம். அப்பாவுக்கு நாலு வருஷமாகச் சர்க்கரை. சின்ன வயதில் அடிக்கடி வயிற்று வலி வந்து சுருண்டு படுப்பாராம், அம்மாயி சொல்வார். சி.டி. ரிப்போர்ட்டில் கணையத்தில் கல் என்றும் ஒரு வரி இருக்கிறது. இதெல்லாம் முக்கியமா?

ஓய்வுபெற்ற_சிஸ்டர்_சித்தூர் எழுதியது:

ரொம்ப முக்கியம். முப்பது வருஷம் வார்டில் இருந்தவள் சொல்கிறேன், அந்த ஒரு வரியைச் சர்ஜனிடம் விரலை வைத்துக் காட்டுங்கள்.

சிறு வயதில் வலி, பிறகு கணையத்தில் கல், பிறகு சர்க்கரை. குடிப் பழக்கமே இல்லாதவர்களுக்கு வருகிற இந்த நோய் கேரளத்தில் ரொம்பக் காலமாக உண்டு. 1960களிலேயே டாக்டர் கீவர்கீஸ் இங்கே நிறைய நோயாளிகளைப் பார்த்து எழுதினார். முதலில் கப்பக்கிழங்கின் மேல் பழி போட்டார்கள், பின்னால் மரபணுவிலும் காரணம் இருக்கிறது என்று கண்டார்கள். இந்த நோய் உள்ளவர்களுக்குக் கணையப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதே சமயம், புற்றே இல்லாமல் வெறும் அழற்சியிலும் கணையத் தலை கட்டி மாதிரி வீங்கிப் பித்தக் குழாயை நெருக்கும். சி.டி.யில் இரண்டையும் பிரிப்பது சில சமயம் கஷ்டம். எண்டோஸ்கோப் வழியாக உள்ளிருந்து அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசியில் சதை எடுக்கலாம். ஊசியில் ஒன்றும் வரவில்லை என்பதற்காகப் புற்று இல்லை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது, அதுவும் உண்மை. இந்த மாதிரிக் கல் கணையத்தை எங்கள் பக்கத்து டாக்டர்கள் அதிகம் பார்த்திருப்பார்கள். ஜெர்மனியில் கல் வருகிறவர்களில் நிறையப் பேர் குடித்துக் கெடுத்துக்கொண்டவர்கள்.

பெரிய இடம் வேண்டும் என்று உங்கள் மச்சான் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2002இல் அமெரிக்காவில் முதியோர் காப்பீட்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். கணைய ஆபரேஷன் அபூர்வமாகச் செய்கிற ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்கு 16.3 பேர் இறந்தார்கள், நிறையச் செய்கிற இடங்களில் 3.8 பேர். ஆனால் அந்த ஆய்வில் நிறைய என்றது வருஷத்துக்கு 16க்கு மேல். அதற்கு எத்தனையோ மடங்கு செய்கிற இடங்கள் நம் நாட்டிலேயே இருக்கின்றன, மும்பை டாடா மெமோரியல் ஒன்று. கோயம்புத்தூர் டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: போன வருஷம் எத்தனை விப்பிள் செய்தீர்கள், எத்தனை பேர் வீடு திரும்பவில்லை, ராத்திரியில் ரத்தக் கசிவு வந்தால் ரத்தக் குழாய் வழியாக அடைக்கிற ஆள் இருக்கிறாரா. நல்ல சர்ஜனுக்கு இந்தக் கேள்வி கோபம் வராது.

அப்புறம், சி.டி. ஒரு மாசத்துக்கு மேல் பழசானால் ஆபரேஷனுக்கு முன் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். விசாவுக்கு ஆகிற நாளை இதோடு வைத்துப் பாருங்கள். பிலிம் போதாது, முழுப் படமும் உள்ள டிவிடி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதை ஹைடெல்பெர்க்குக்கு அனுப்பி அபிப்பிராயம் மட்டும் கேட்கலாமே, அப்பாவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லையே.

தென்னந்தோப்பு_கொழிஞ்சாம்பாறை எழுதியது:

டிவிடி வாங்கிவிட்டேன், மச்சானுக்கு இன்று அனுப்புகிறேன். செவ்வாய்க்கிழமை கோயம்புத்தூர் சர்ஜனிடம் நேரம் கிடைத்திருக்கிறது. சிஸ்டர் சொன்ன கேள்விகளை அப்பாவின் தேங்காய்க் கணக்கு நோட்டிலேயே எழுதி வைத்திருக்கிறேன். ஏக்கரை விற்கிற பேச்சைச் செவ்வாய் வரை எடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அப்பா நேற்று இரண்டு இட்லி சாப்பிட்டார்.

மீனாட்சிபுரம்_அக்கா எழுதியது:

இரண்டு இட்லி நல்ல சேதி தம்பி. செவ்வாய்க்குள் குளிர்காய்ச்சல் வந்தாலோ, கண் மறுபடி மஞ்சளானாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஸ்டென்ட் அடைத்திருக்கும். ராத்திரியே கிளம்பிவிடுங்கள்.