உதவி: மடக்கு விளக்குச் சட்டம் நடுவில் தொய்கிறது, அட்டைமேல் வெள்ளைக் கோடும் விழுகிறது

செந்தூல்வாசி:
வணக்கம் நண்பர்களே. ஞாயிறுதோறும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நண்பர் வீட்டில் மேஜிக் (Magic: The Gathering) அட்டை விளையாட்டு ஆடுகிறோம். வேலைக்காக ஜொகூர் போய்விட்ட என் தம்பிக்கு ஆட்டத்தைக் கைப்பேசியில் நேரலையாகக் காட்டுவது வழக்கம். நண்பர் வீட்டில் விளக்கு மங்கல். அதனால் ஒரு மடக்குச் சட்டம் செய்தேன். செந்தூலில் கொமுட்டர் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடக்க வேண்டும் என்பதால் தோள்பையில் அடங்கினால்தான் உதவும்.

அமைப்பு இதுதான். 4 அடி மடக்கு மேசை. இரண்டு ஓரத்திலும் 70 செ.மீ. கால்கள், ஜி கிளாம்ப் போட்டு இறுக்கியவை. அவற்றின் தலையில் 120 செ.மீ. குறுக்குச் சட்டம், நடுவில் கீல் வைத்து இரண்டாக மடிவது. எல்லாம் 1க்கு 2 அங்குல மெராந்தி மரம். குறுக்குச் சட்டத்தின் அடியில் 12 வோல்ட் எல்இடி பட்டை இரண்டு வரிசை, நடுவில் கைப்பேசிப் பிடி.

மூன்று தொல்லைகள். சட்டம் நடுவில் இரண்டு விரல் அளவுக்குத் தொய்கிறது. முன்வரிசை அட்டைகள்மேல் வெள்ளைக் கோடு விழுந்து, தம்பியால் பெயரைக்கூடப் படிக்க முடியவில்லை. அரை மணி நேரத்தில் அடாப்டர் கொதித்து விளக்கு அணைந்துவிடுகிறது. தொய்வுக்கு இன்னொரு கீல் சேர்த்தும் பார்த்தேன், பயனில்லை.

மரத்தூள்:
தம்பி, கீல் சட்டத்தின் மேல்பக்கம் இருக்கிறதா, கீழ்ப்பக்கமா? சட்டம் படுத்திருக்கிறதா, நிற்கிறதா?

செந்தூல்வாசி:
மேல்பக்கம்தான் அண்ணே, நடுப்பகுதி கீழ்நோக்கி இறங்கி மடியட்டும் என்று. 2 அங்குல முகம் மேலே தெரியும்படி படுக்க வைத்திருக்கிறேன்.

மரத்தூள்:
இரண்டையும் மாற்றுங்கள், புது மரம் வாங்க வேண்டாம். பாரம் இறங்கும்போது சட்டத்தின் மேல்பாதி நெருக்கப்படும், கீழ்ப்பாதி இழுபடும். கீல் மேலே இருந்தால் கீழே இழுத்துப் பிடிக்க ஒன்றுமில்லை, வாய் பிளந்துவிடும். இன்னும் பத்துக் கீல் மேலே அடித்தாலும் அதே கதிதான். கீலைக் கீழே மாற்றினால், பாரம் இறங்க இறங்க மேலே இரண்டு மர முனைகளும் ஒன்றை ஒன்று முட்டித் தானே பூட்டிக்கொள்ளும். நடுப்பகுதி மேல்நோக்கி எழுந்துதான் மடியும்.

அப்புறம், சட்டத்தை நிமிர்த்தி 2 அங்குலம் உயரமாக வரட்டும். முட்டும் இடத்தில் அரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே, 25 மி.மீ. உயரச் சட்டம் நடுவில் 6 மி.மீ. இறங்கும். 50 மி.மீ. என்றால் 3 மி.மீ.தான். முனைகளை மூலைமட்டம் வைத்துப் பார்த்து, உப்புத்தாளால் நேராகத் தேயுங்கள். இந்த ஒரு வேலையில் அவசரம் கூடாது. மெராந்தியின் ஓரம் எளிதில் பிளக்கும், திருகாணிக்கு முதலில் சிறு துளை போடுங்கள்.

பாயான்பாரு அக்கா:
தம்பி, நான் பினாங்கிலிருந்து. கைவினைக் காணொளி எடுப்பதால் இந்த வெள்ளைக் கோட்டோடு நிறைய மல்லுக்கட்டியிருக்கிறேன். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்று பள்ளியில் படித்ததுதான். உங்கள் விளக்கும் கைப்பேசியும் ஒரே சட்டத்தில் இருக்கின்றன. அட்டைகளுக்குப் போட்டிருக்கும் பளபளப்பான உறை ஒவ்வொன்றும் சிறு கண்ணாடி. விளக்கின் பிம்பம் சட்டத்துக்கு நேர் கீழே, அதாவது உங்கள் முன்வரிசையில், கோடாக விழுகிறது. விளக்கைப் பிரகாசமாக்கினால் கோடும் பிரகாசமாகும்.

விளக்கைக் கால்களுக்கு மாற்றுங்கள். மேசையிலிருந்து 35 செ.மீ. உயரத்தில், ஒவ்வொரு காலிலும், எல்இடி பட்டையை உள்ளே ஒட்டிய 50 செ.மீ. அலுமினியக் குழலைக் குறுக்கே கிடையாக வையுங்கள். கைப்பேசி 70 செ.மீ. உயரத்தில் நடுவில் இருக்கிறது, விளக்கு 60 செ.மீ. தள்ளி இருக்கிறது. பிம்பம் நடுவிலிருந்து 40 செ.மீ. தள்ளி விழும். ஆட்ட விரிப்பின் அகலம் 61 செ.மீ.தானே? பாதி 30.5. கோடு விரிப்புக்கு வெளியே போய்விடும். கணக்கை நம்ப வேண்டாம், ஒரு கைக்கண்ணாடியை விரிப்பின் மேல் நகர்த்திக்கொண்டே கைப்பேசித் திரையைப் பாருங்கள். கண்ணாடியில் விளக்கு தெரியும் இடமெல்லாம் கோடு விழும் இடம்.

குழலுக்குப் பால்நிற மூடி போட்டது வாங்குங்கள், புள்ளி புள்ளியாகத் தெரியாது. நம் ஊர் வெக்கையில் வெறும் பசை நாடா சில வாரங்களில் கழன்று தொங்கும். குழல் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். முடிந்தால் உறையையும் மங்கல் வகையாக மாற்றிவிடுங்கள்.

மின்கம்பி:
அடாப்டர் எத்தனை ஆம்பியர்? பட்டையில் ஒரு மீட்டருக்கு எத்தனை வாட் என்று போட்டிருக்கிறது?

செந்தூல்வாசி:
பழைய மோடத்தினுடையது, 12 வோல்ட் 2 ஆம்பியர். பட்டை மீட்டருக்கு 14.4 வாட்.

மின்கம்பி:
அப்படியானால் அது கொதிக்காமல் என்ன செய்யும்? 2.4 மீட்டருக்கு 34.6 வாட் வருகிறது, ஏறத்தாழ 2.9 ஆம்பியர். சுமைக்கு மேல் ஒரு ஐந்தில் ஒரு பங்காவது மிச்சம் வைக்க வேண்டும், நீங்கள் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். அதை இனி அப்படிச் செருகாதீர்கள். ஆனால் அக்கா சொன்னபடி செய்தால் பட்டை மொத்தம் 1 மீட்டர்தான், 1.2 ஆம்பியர். சூட்டில் அடிபடாமல் இருந்தால் இதே அடாப்டர் போதும். கையில் பிடிக்க முடியாத அளவு சுட்டால் சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை உள்ள புதியது வாங்கிவிடுங்கள். குழல், மூடி எல்லாம் ஜாலான் பசார் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று கேட்க மறந்தேன். விளக்கை மங்கலாக்கும் திருகு (டிம்மர்) மாட்டியிருக்கிறீர்களா? சில திருகுகள் விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரியவிடும். கண்ணுக்குத் தெரியாது, காணொளியில் பட்டை பட்டையாக ஓடும்.

செந்தூல்வாசி:
மாட்டியிருக்கிறேன். தம்பியும் பட்டை ஓடுகிறது என்றான், இணையக் கோளாறு என்று நினைத்துக்கொண்டோம். கழற்றிவிடுகிறேன்.

செந்தூல்வாசி (இரண்டு வாரம் கழித்து):
எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. கீலைக் கீழே மாற்றிச் சட்டத்தை நிமிர்த்தினேன், நூல் கட்டிப் பார்த்ததில் தொய்வு 2 மி.மீ. கூட இல்லை. குழல்களைக் காலில், கையாலேயே திருகும் விங் நட்டு வைத்து மாட்டியிருக்கிறேன், மடக்கும்போது காலோடு ஒட்டிக்கொள்கிறது. மூன்று மணி நேரம் ஆடியும் அடாப்டர் வெதுவெதுப்போடு நின்றது. போன ஞாயிறு தம்பி அட்டையின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைக்கூடப் படித்துச் சொன்னான், கேட்க அவ்வளவு நிம்மதி.

மின்விசிறியை மூன்றில் வைத்தால் மட்டும் கைப்பேசி லேசாக ஆடுகிறது. பிடியின் கழுத்து நீளம். அதற்கு ஏதாவது வழி உண்டா?

மரத்தூள்:
பிடியைக் கழற்றிவிட்டு, கைப்பேசியைச் சட்டத்தின் அடியிலேயே ஒரு ஒட்டுப்பலகைத் துண்டில் படுக்க வைத்துக் கட்டுங்கள். கேமராவுக்கு மட்டும் துளை. கீல் வரும் இடத்தை விட்டு நான்கு விரல் தள்ளி வையுங்கள், இல்லையென்றால் மடியாது.