"நம் குடும்பம்" குழு: ஞாயிறு பாப்பாவுக்குப் பெயர் வைக்கிறோம்

மாலா சித்தி: (பலமுறை பகிரப்பட்டது) அவசரம்!! "முரசு" புயல் ஞாயிறு கரையைக் கடக்கிறது. யாரும் வெளியே போக வேண்டாம். எல்லோருக்கும் அனுப்பவும்.

மாலா சித்தி: ஞாயிறுதானே விசேஷம்? தள்ளி வைக்கலாமா கார்த்தி?

கார்த்தி: ஐயோ சித்தி

லதா அத்தை: நாங்கள் டிக்கெட் போட்டாச்சு

சுந்தரம் பெரியப்பா: மாலா, பதறாதேம்மா. புரளி. இப்போது கடலில் இருப்பது வெறும் தாழ்வுப் பகுதி. அது தாழ்வு மண்டலமாகி, ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகி, காற்று மணிக்கு 62 கி.மீ. வேகத்தைத் தொட்டால்தான் புயல். அப்போதுதான் டெல்லி வானிலை மையம் பெயர் வைக்கும். அதுவும் வரிசைப்படி. 13 நாடுகள், நாட்டுக்கு 13 பெயர், மொத்தம் 169. ஒரு சுற்றுக்கு நாட்டுக்கு ஒரு பெயர். தித்வா புயலின் பெயர் ஏமன் கொடுத்தது, அதோடு இரண்டாம் சுற்று முடிந்தது. அடுத்து வங்கதேசத்தின் அர்னப். அப்புறம்தான் நம் முரசு. வரிசையைத் தாண்டி எப்படி வரும்?

ரவி மாமா: 👍

மாலா சித்தி: பெயரா முக்கியம்? மழை உண்டா இல்லையா?

லதா அத்தை: மழை என்றால் வர மாட்டீர்கள். 2022ல் மாண்டஸ் புயல் சமயம் எங்கள் புதுவீட்டுக்கு யார் வந்தீர்கள்?

நிஷா: நான் வந்தேன் அத்தை. போட்டோவில் தலை சொட்டச் சொட்ட நிற்பது நான்தான்

ரவி மாமா: புயலே நேரில் வந்தது

நிஷா: 2008ல் நிஷா புயல் வந்ததிலிருந்து இதே ஜோக் 😡

சுந்தரம் பெரியப்பா: நிஷா வங்கதேசம் கொடுத்த பெயர், பழைய பட்டியல். 8 நாடுகள், 64 பெயர். 2004ல் ஓனிலில் தொடங்கி 2020ல் ஆம்பனோடு தீர்ந்தது. ஒருமுறை வைத்த பெயரை இந்தக் கடலில் மறுபடி வைப்பதில்லை. இனி உனக்குத் தொல்லை இல்லை.

நிஷா: 17 வருஷம் கழித்துச் சொல்கிறீர்கள்

கார்த்தி: பாப்பா பெயருக்கு வருவோமா? பத்திரிகை அடிக்கிறவர் கேட்கிறார்

லதா அத்தை: அம்மா பெயர் என்று போன மாதமே சொன்னேன்

மாலா சித்தி: அது என் மகளுக்கு வைத்தாயிற்றே

லதா அத்தை: வைத்தீர்கள். ஒருநாளாவது கூப்பிட்டீர்களா?

கார்த்தி: அத்தை 🙏

சுந்தரம் பெரியப்பா: யாரையும் புண்படுத்தாத பெயராக இருக்கட்டும். புயலுக்கே அந்த விதி உண்டு. மகாசேன் என்று இலங்கை கொடுத்த பெயருக்கு 2013ல் அங்கேயே எதிர்ப்பு. அது அவர்கள் மன்னர் பெயராம். வியாரு என்று மாற்றினார்கள். ஆங்கிலத்தில் 8 எழுத்தைத் தாண்டவும் கூடாது.

ரவி மாமா: வரிசைப்படி பார்த்தால் இப்போது லதா முறை

மாலா சித்தி: போன முறையும் அவள் முறைதான்

கார்த்தி: பத்திரிகையில் "பாப்பா" என்று போடச் சொல்லிவிட்டேன். எத்தனை பேர் வருகிறீர்கள்?

சுந்தரம் பெரியப்பா: வெள்ளி மாலை அறிக்கையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்

மாலா சித்தி: (பலமுறை பகிரப்பட்டது) அவசரம்!! "அர்னப்" புயல் ஞாயிறு கரையைக் கடக்கிறது. யாரும் வெளியே போக வேண்டாம்.

சுந்தரம் பெரியப்பா: மாலா.

லதா அத்தை: கார்த்தி, முதலில் பெயரைச் சொல். அப்புறம் எத்தனை பேர் என்று சொல்கிறேன்.