எல்டன் ரிங்: மார்கிட் முன்னால ரோல் (உருள்றது) லேட்டா விழுது. டிவி கோளாறா, கன்ட்ரோலரா, என் கையா?

கேட்டவர் (செந்தூல், கோலாலம்பூர்):

வணக்கம். பிஎஸ்5-ல எல்டன் ரிங் கேம் விளையாடுறேன். வேகபாண்ட் கிளாஸ் (ஆரம்பத்துல எடுக்கிற வீரன் வகை), லெவல் 19, ஏறின பத்து லெவலும் ஸ்ட்ரெங்த்துக்கே (பலம்) போட்டிருக்கேன், விகர் (உயிரைக் கூட்டுறது) இன்னும் 15. லாங்ஸ்வர்ட் +1. ஸ்டார்ம்வெயில் கோட்டை வாசல்ல நிக்கிற பெரிய எதிரி மார்கிட்கிட்ட முப்பது தடவைக்கு மேல செத்தாச்சு. அவன் தடியை ஓங்கினதும் வட்டம் பட்டனை அமுக்குறேன், ஆனா ஆள் கொஞ்ச நேரம் கழிச்சுதான் உருள்றான். சில சமயம் உருளாம பின்னாடி ஒரு எட்டு மட்டும் வைக்கிறான். 55 அங்குல டிவி, கன்ட்ரோலர் வயர்லெஸ். லோ யாட் போய் புது ஹெச்டிஎம்ஐ கேபிள் வாங்கினா சரியாகுமா? எதை முதல்ல பார்க்கிறது?

பதில் 1 (பாயான் லெப்பாஸ், பினாங்கு):

தம்பி, கேபிளுக்குக் காசு போடாதீங்க. படமும் சத்தமும் வெட்டாம வந்தா கேபிள் நல்லாத்தான் இருக்கு. கேபிள் மாத்தினா தாமதம் குறையாது.

உங்க பிரச்சினையில மூணு தாமதம் ஒண்ணா கலந்து கிடக்கு. டிவி தாமதம் ஒண்ணு, பட்டன் வேலை செய்ற விதம் ஒண்ணு, மார்கிட் வேணும்னே அடியை நிறுத்தி வைக்கிறது ஒண்ணு. மூணையும் பிரிச்சுப் பார்க்க ஒரு சின்ன சோதனை போதும்.

கேம் ஆரம்பத்துல வர்ற சர்ச் ஆஃப் எல்லே போங்க, பக்கத்துல எதிரி இருக்கக் கூடாது. எக்ஸ் பட்டனைத் தட்டுங்க. குதிக்கிறது அமுக்கின நொடியே நடக்கணும். அதுவே லேட்டா தெரிஞ்சா டிவிதான் காரணம். குதிப்பு சரியா இருந்து வட்டம் மட்டும் லேட்டுன்னா உங்க விரல்தான் காரணம். ஏன்னா இந்த கேம்ல ரோல், பட்டனை அமுக்கும்போது விழாது, விடும்போதுதான் விழும். அதே பட்டனைப் பிடிச்சு வெச்சா ஓட்டம். நீங்க விடுற வரைக்கும் ஓடப் போறீங்களா உருளப் போறீங்களான்னு கேமுக்குத் தெரியாது. பயத்துல அழுத்திப் பிடிச்சா அவ்வளவு நேரமும் வீண். சுடுசட்டியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி, தொட்டதும் விரலை எடுக்கணும்.

பின்னாடி எட்டு வைக்கிறதுக்குக் காரணம் வேற. இடது ஸ்டிக்கைச் சாய்க்காம வட்டத்தைத் தட்டினா பேக்ஸ்டெப்தான் வரும். முதல்ல திசை, அப்புறம் பட்டன்.

பதில் 2 (பிரிக்பீல்ட்ஸ்):

டிவி பக்கம் நான் சொல்றேன். டிவி செட்டிங்ஸ்ல பிஎஸ்5 சொருகியிருக்கிற அந்த ஹெச்டிஎம்ஐ போர்ட்டுக்கு மட்டும் கேம் மோட் போடுங்க. நிறைய டிவியில ஒவ்வொரு போர்ட்டுக்கும் செட்டிங் தனித்தனி. ஒண்ணுல போட்டுட்டு இன்னொண்ணுல விளையாடினா பயனே இல்லை. மோஷன் ஸ்மூத்திங் மாதிரி அசைவை வழவழப்பாக்குற எதுவா இருந்தாலும் அணைச்சிடுங்க. அது அடுத்த பிரேம் வர்ற வரை காத்திருந்து நடுவுல ஒரு படத்தைச் சேர்க்குது, அந்தக் காத்திருப்புதான் உங்க கைக்கு லேட்டா தெரியுது. 60 எஃப்பிஎஸ்-ல (விநாடிக்கு 60 பிரேம்) ஒரு பிரேம் 16.7 மில்லி விநாடி. டிவி 100 மில்லி விநாடி தின்னா ஆறு பிரேம் போச்சு.

கன்ட்ரோலரை வயர்ல போடணும்னா சும்மா சொருகினா போதாது. செட்டிங்ஸ், ஆக்சஸரீஸ், கன்ட்ரோலர், கம்யூனிகேஷன் மெத்தட் போய் யூஎஸ்பி கேபிளைத் தேர்ந்தெடுக்கணும். இதுல கிடைக்கிற லாபம் சின்னது. கேம் மோட்தான் பெருசு.

கேம் உள்ளே கிராபிக்ஸ்ல பிரேம் ரேட்டுக்கு முன்னுரிமை கொடுங்க, குவாலிட்டி வேணாம். பிஎஸ்4 பதிப்பை பிஎஸ்5-ல ஓட்டினா 60 இன்னும் உறுதியா நிக்கும்னு சொல்வாங்க. உண்மைதான். ஆனா சேவ் பைல் பிஎஸ்4-லிருந்து பிஎஸ்5-க்குத்தான் வரும், திரும்பப் போகாது. உங்க சேவ் ஏற்கெனவே பிஎஸ்5-ல இருக்கு, அதனால அந்த வழியை விட்டுடுங்க.

பதில் 1:

இப்ப மார்கிட். இந்த கேம்ல மறக்க முடியாத எதிரின்னா எனக்கு இவன்தான் முதல். கேமோட முதல் பகுதியான லிம்கிரேவ் புல்வெளியில தங்கக் கவசத்தோட குதிரையில சுத்துற ட்ரீ சென்டினல்கிட்டகூட ஓடித் தப்பிச்சிடலாம். மார்கிட் உங்க பழக்கத்தையே பிடிச்சு அடிக்கிறான். ஓங்கினதும் உருள்றது எல்லார் கையிலயும் ஊறிப்போன பழக்கம். அதுக்காகவே அவனை அப்படிச் செஞ்சிருக்காங்க.

தடியைத் தலைக்கு மேல தூக்குவான். உடம்பு முழுக்கப் பின்னாடி வளையும். அங்கேயே நிப்பான். இந்த இடத்துலதான் நீங்க உருண்டு எழுந்திருப்பீங்க, எழுந்த இடத்துலயே அடி விழும். தண்ணீர்மலைத் தைப்பூசத்துல உறுமி அடிக்கிறவங்களைப் பார்த்திருப்பீங்க, குச்சி மேலே போனதும் யாரும் ஆட மாட்டாங்க, அடி விழும்போதுதான் கால் விழும். அதே கணக்கு. தடி மேலே போறதைப் பார்த்து உருளாதீங்க, தோள் கீழே இறங்க ஆரம்பிக்கும்போது உருளுங்க. உருள்றதும் பின்னாடி வேணாம், முன்னாடி அவன் உடம்பை ஒட்டி. பின்னாடி போனா தடியோட நுனி எட்டிடும்.

ரெண்டு தடவை தொடர்ந்து தட்டுற பழக்கம் இருந்தா விடுங்க. ரெண்டாவது தட்டலையும் கேம் வரிசையில வெச்சுக்கும், முதல் ரோல் முடிஞ்சதும் தானா இன்னொண்ணு உருளும். அடுத்த அடிக்கு நீங்க தயாரா இருக்க மாட்டீங்க.

தூரமா ஓடிப்போய் பிளாஸ்க் (உயிர் ஏத்துற மருந்து) குடிச்சா ஒளிக்கத்தியை வீசுவான். அவன் ஒரு கோம்போவை (தொடர் அடியை) முடிச்ச கையோட, கிட்ட இருந்தே குடிக்கிறது மேல். முதுகுப் பக்கம் ரொம்ப நேரம் நின்னாலும் வால் சுழலும்.

பதில் 3 (ஜார்ஜ்டவுன்):

தம்பி, அக்கா ஒண்ணு கேட்கலாமா, எக்விப் லோடு (சுமக்கிற எடை) எவ்வளவு? 70 சதவீதத்தைத் தாண்டினா ரோல் பொதுக்குனு விழும், எழுந்திருக்கவும் நேரமாகும். நீங்க "லேட்"னு சொல்றதுல இதுவும் சேர்ந்திருக்கலாம். வேகபாண்ட் கூடவே வர்ற ஹால்பெர்டை முதுகுல சுமந்துக்கிட்டே இருந்தா அதைக் கழட்டிடுங்க.

விகர் 15-ன்னா ஹெச்பி (உயிர் அளவு) 522. விகர் 25-ன்னா 800. மார்கிட்கிட்ட ஒரு அடியில சாகிறதுக்கும் ரெண்டு அடி தாங்குறதுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கு. இனிமே ஏறுற லெவல் எல்லாம் விகருக்கே போகட்டும். ஸ்டார்ம்ஹில் பக்கம் திரியிற ட்ரோல் ஒவ்வொண்ணும் 1000 ரூன் (லெவல் ஏத்தவும் பொருள் வாங்கவும் ஆகுற காசு) கொடுக்கும், உங்க குதிரை டாரண்ட் மேல ஏறி காலைச் சுத்திச் சுத்தி அடிங்க.

வாளை +3 ஆக்குங்க. அதுக்கு ‘ஸ்மிதிங் ஸ்டோன் 1’ங்கிற கல் வேணும்: முதல் படிக்கு 2, ரெண்டாவதுக்கு 4, மூணாவதுக்கு 6. உங்களுக்கு இன்னும் 10 கல்தான் வேணும். லிம்கிரேவ் டனல்ஸ் சுரங்கத்துச் சுவர்ல மினுமினுக்கிறதை எடுங்க. சர்ச் ஆஃப் எல்லே பட்டறையிலேயே +3 வரை அடிச்சிடலாம், அதுக்கு மேலன்னா ரவுண்ட்டேபிள் ஹோல்டுங்கிற தங்குமிடத்துக்குப் போகணும்.

வேகபாண்டோட ஹீட்டர் ஷீல்டு உடலடியை 100 சதவீதம் தடுக்கும், அதை நீங்க மறந்துட்டீங்க போல. தடியடியை எல்1-ல தாங்கி, உடனே ஆர்2. அதுதான் கார்டு கவுண்டர். சில தடவை பட்டா நிலை குலைஞ்சு மண்டி போடுவான், முன்னாடி போய் ஆர்1. ஆனா அவனோட ஒளி ஆயுதம் ஹோலி (புனித சக்தி) அடி. அது கேடயத்தைத் தாண்டி கொஞ்சம் உள்ளே இறங்கும். ரெண்டாம் கட்டத்துல ஒளிச் சுத்தியலோட மேலேயிருந்து குதிப்பான், அதைத் தாங்க நிக்காதீங்க, உருண்டுடுங்க.

பதில் 2:

ஓநாய்களைத் துணைக்குக் கூப்பிடுற லோன் வுல்ஃப் சாம்பல் இருக்கா? 55 எஃப்பி (மந்திர சக்தி) கேட்கும், மைண்ட் 10-க்கு உங்ககிட்ட 78 இருக்கு, தாராளமா வரும். மூடுபனி வாசலுக்கு முன்னால, உதவிக்கு வர்ற ரோஜியரைக் கூப்பிடுற தங்கக் குறியும் இருக்கும். ஆளைக் கூப்பிட்டா மார்கிட்டோட ஹெச்பி கூடும், ஓநாயைக் கூப்பிட்டா கூடாது. உங்களுக்கு நான் ஓநாய்தான் சொல்வேன். மூணு ஓநாயும் அவனைச் சுத்தும்போது தடி எப்படி இறங்குதுன்னு நின்னு பார்க்கலாம்.

கேட்டவர்:

நன்றி அண்ணே, நன்றி அக்கா. சோதனை பண்ணேன். குதிப்பும் லேட்டாத்தான் இருந்துச்சு. கேம் மோட் வேற போர்ட்டுல இருந்திருக்கு! மாத்தினதும் குதிப்பு டக்குனு வருது. ரோல் இன்னும் லேட், பட்டனைப் பிடிச்சு வைக்கிறேன்னு இப்பத்தான் தெரியுது. லோடு 74 சதவீதம், ஹால்பெர்டைக் கழட்டினதும் 70-க்குக் கீழே வந்துடுச்சு. ஓநாய் சாம்பல் இல்லை. சர்ச் ஆஃப் எல்லேல யாரும் எதுவும் கொடுக்கல. மார்கிட்டைக் கட்டிப்போடுற கைவிலங்கு ஒண்ணு இருக்காமே?

பதில் 3:

சாம்பலுக்கு: டாரண்ட் கிடைச்ச பிறகு ராத்திரியில சர்ச் ஆஃப் எல்லே போனா ரென்னாங்கிற சூனியக்காரி உட்கார்ந்திருப்பா, ஓநாயைக் கூப்பிடுற மணியும் சாம்பலும் அவ கொடுப்பா. அவ இல்லைன்னா ரவுண்ட்டேபிள் ஹோல்டுல ட்வின் மெய்டன்கிட்ட வாங்கிக்கலாம்.

கைவிலங்குக்கு: மர்க்வாட்டர் குகை, அகீல் ஏரிக்கு வடக்கே ஆத்தோரமா. போற வழியில ஆத்துக்குள்ள நெரிஜஸ்ங்கிற எதிரி படையெடுத்து வருவான், பிளாஸ்க் நிறைச்சுக்கிட்டுப் போங்க. அவன் விடுற ரெடுவியா கத்திக்கு ஆசைப்படாதீங்க, ஆர்க்கேன் 13 வேணும், உங்ககிட்ட 7. குகைக்குள்ள பேட்சஸ்ங்கிறவன் சண்டைக்கு வருவான். பாதி ஹெச்பி போனதும் குனிஞ்சு மன்னிப்பு கேட்பான், அந்த நொடியே அடிக்கிறதை நிறுத்துங்க. கொன்னுட்டா கடை போச்சு. கிரேஸ்ல (ஓய்வெடுக்கிற இடம்) உட்கார்ந்துட்டுத் திரும்பப் போங்க, கைவிலங்கை 5000 ரூனுக்கு விப்பான். முதல் கட்டத்துல மட்டும்தான் வேலை செய்யும், ஒரு சண்டைக்கு ரெண்டு தடவை. 5000-ஐ லெவலுக்குப் போடறதே நல்லதுன்னு நினைக்கிறேன்.

பதில் 1:

நானும் அதையேதான் சொல்வேன். இன்னும் ஒண்ணு. கோட்டையை விட்டுட்டு தெற்கே பாலம் தாண்டி வீப்பிங் பெனின்சுலா போங்க. அங்கே மூணு சர்ச், லிம்கிரேவ்ல தேர்ட் சர்ச் ஆஃப் மரிக்கா, மொத்தம் நாலு சேக்ரட் டியர் (பிளாஸ்க்கோட பலத்தைக் கூட்டுறது). சிவப்பு பிளாஸ்க் ஒரு மடக்குக்கு 250 ஏத்துறது நாலாவது டியரோட 570 ஆகும். திரும்பி வந்து முதல் அஞ்சு தடவை அவனை அடிக்கவே அடிக்காதீங்க. கேடயத்தைக் கீழே விட்டு, வட்டத்தைத் தொட்டு விட்டு, தடி இறங்குறதை மட்டும் பாருங்க.