இறங்களவு, ஏறளவு: 'உயிர்' இல்லாமல் இரண்டு சொற்கள்

கோவையிலிருந்து

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

நான் உணவறிவியல் ஆய்வு செய்பவள். மஞ்சள், ராகி, கொள்ளு ஆகியவற்றில் உள்ள சத்துகளும் மற்ற வேதிப்பொருள்களும் குடலுக்குள் போய் என்ன ஆகின்றன என்று பார்ப்பது என் வேலை. இரண்டு சொற்களுக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். ஆங்கிலத்தில் ஒன்று பயோஅக்ஸசிபிலிட்டி, மற்றது பயோஅவெய்லபிலிட்டி. தமிழில் இரண்டுக்கும் 'உயிர்க்கிடைப்பு', 'உயிரியக் கிடைக்குந்தன்மை' என்று எதையாவது போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறோம். நானும் அந்தக் குற்றவாளிகளில் ஒருத்தி.

சென்ற மாதம் பெருந்துறைப் பக்கம் மஞ்சள் விவசாயிகள் கூட்டம் ஒன்று நடந்தது. அதற்காக நான் எழுதிய துண்டறிக்கையில் 'மஞ்சளில் உள்ள குர்குமினின் உயிர்க்கிடைப்பு மிகக் குறைவு' என்று ஒரு வரி. குர்குமின் என்பது மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள். முன்வரிசையில் இருந்த பெரியவர் அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கேட்டார்: "உயிர் குறைவு என்றால் இது விதைக்கு ஆகாதா, அம்மணி?"

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. விதைக்கிழங்கில் முளைக்கிற தெம்பு இருக்கிறதா என்பதுதான் அவருக்கு 'உயிர்'. அந்தச் சொல்லுக்கு அவர் காதில் ஏற்கெனவே ஒரு பொருள் குடியிருக்கிறது. அதன் மேல் என் பொருளை ஏற்றி வைக்கப் பார்த்தது என் பிழை.

விஷயம் இதுதான். நாம் விழுங்கியதில் எவ்வளவு, உணவின் பிடியிலிருந்து விடுபட்டுக் குடல்நீரில் கரைந்து வருகிறது? இது முதல் அளவு, பயோஅக்ஸசிபிலிட்டி. விழுங்கியதில் எவ்வளவு, அதற்குப் பிறகு குடற்சுவரையும் கல்லீரலையும் தாண்டி ரத்தத்தில் சேர்கிறது? இது இரண்டாவது அளவு, பயோஅவெய்லபிலிட்டி. முதலாவதைக் கண்ணாடிக் குடுவையிலேயே அளந்துவிடலாம். 2014இல் வெளியாகி 2019இல் திருத்தப்பட்ட இன்ஃபோஜெஸ்ட் என்ற செய்முறையை உலகெங்கும் பின்பற்றுகிறார்கள்: வாய்க்கு 2 நிமிடம், இரைப்பைக்கு பி.எச். (அமிலத்தன்மையின் அளவு) 3இல் 2 மணி நேரம், சிறுகுடலுக்கு பி.எச். 7இல் இன்னொரு 2 மணி நேரம், எல்லாம் 37 டிகிரி சூட்டில். பிறகு மையவிலக்கியில் சுற்றி, தெளிந்த நீரில் என்ன வந்திருக்கிறது என்று பார்ப்போம். இரண்டாவதற்கு மனிதர்களின் ரத்தம் வேண்டும். செலவும் அதிகம், அனுமதிகளும் அதிகம்.

வேறுபாடு ஏட்டளவில் இல்லை. பாலக் கீரையில் கால்சியம் நிறைய இருக்கிறது. ஆனால் அந்தக் கீரையிலேயே உள்ள ஆக்சலேட் என்ற பொருள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால் 100இல் 5 பங்குதான் உடலுக்குப் போகிறது. பாலில் உள்ள கால்சியத்தில் 100இல் 27 பங்கு போகிறது. கீரைக் கால்சியம் மாட்டிக்கொள்வது முதல் படியில். குர்குமினோ, எண்ணெயில் கரைந்து முதல் படியைத் தாண்டினாலும் இரண்டாவதில் மாட்டிக்கொள்கிறது. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்துக்கொண்டு இதை நான் எப்படி விளக்குவது?

என் முதல் யோசனை 'உடலொட்டு'. "தின்றது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை" என்று நம் வீடுகளில் சொல்வதை வைத்து.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து

> என் முதல் யோசனை 'உடலொட்டு'.

அம்மணிக்கு வணக்கம். பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன். வேர் சரி, கிளை சரியில்லை. 'ஒட்டு' என்றதும் மாங்கன்றும் ஒட்டுண்ணியும்தான் நினைவுக்கு வரும். வயிற்றுப் பூச்சியைப் பற்றிய கட்டுரை என்று நினைத்துவிடுவார்கள்.

'சேர்' என்று போகலாமா என்று பார்த்தேன். அதுவும் ஆகாது. "எனக்குக் கத்தரிக்காய் சேராது" என்றால் தின்றால் உடம்பு அரிக்கும் என்று பொருள். சத்து கிடைக்காது என்று அல்ல.

கலைச்சொல்லுக்காகச் சங்கம் வைத்தது நம் பக்கத்து ஊர்தான். 1916இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அதைத் தொடங்கினார்கள். நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் பெயர்ச்சொல்லைப் பெயர்ச்சொல்லோடு முடிச்சுப் போடுவதையே நாம் சொல்லாக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 'உயிரியக் கிடைக்குந்தன்மை'யை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள், எனக்கு இருமல் வருகிறது. வினைச்சொல்லைத் தேடுங்கள். இதே போன்ற வேலையைக் கையால் செய்கிறவர் வாயில் அது இருக்கும்.

திருப்பூரிலிருந்து

வாத்தியார் ஐயா சொன்னதால் துணிந்து எழுதுகிறேன். எனக்குச் சாயத்தொழில்; உணவு விஷயம் சாப்பிடுகிற அளவுக்குத்தான் தெரியும்.

எங்களிடம் சாயம் முதலில் தண்ணீரில் கரைய வேண்டும். கட்டி தட்டினால் துணியில் புள்ளி விழுந்துவிடும். கரைந்தது எல்லாம் துணிக்குப் போவதும் இல்லை. உப்புப் போட்டால் சாயம் துணியில் 'ஏறும்'. சோடா போட்டால் 'பிடிக்கும்'. பிடிக்காதது சோப்புத் தண்ணீரில் போய்விடும். தொட்டியில் கொட்டிய சாயம் எவ்வளவு, துணியில் ஏறியது எவ்வளவு என்பதில்தான் எங்கள் லாபமும் நட்டமும். அம்மணி சொல்லும் ரத்தக் கணக்கு அதே கணக்காகத் தெரிகிறது.

முதல் படிக்கு எங்களிடம் தனிச்சொல் இல்லை. காலையில் காபி பில்டரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றியது: டிகாஷன் 'இறங்குகிறது' என்கிறோமே?

கோவையிலிருந்து

அண்ணா, நீங்கள் காபி குடித்த நேரம் நல்ல நேரம்.

இறங்குதல், ஏறுதல். பொடியிலிருந்து சாறு நீரில் இறங்குகிறது. கஷாயத்திலும் மூலிகைச் சத்து இறங்குகிறது. விஷம் ஏறுகிறது, மருந்து ஏறுகிறது, ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. இரண்டு படிகளும் இரண்டு எதிர்த்திசை வினைகளாக நிற்கின்றன. ஆங்கிலச் சொற்களில்கூட இந்தத் தெளிவு இல்லை. ஆய்வு மாணவர்களே அவற்றை மாற்றி எழுதுகிறார்கள்.

சமையலில் வைத்துச் சோதித்தேன். மஞ்சளை எண்ணெயில் வதக்குகிறோம். எண்ணெயும் பித்தநீரும் சேர்ந்து குர்குமினைக் குடல்நீரில் இறக்குகின்றன. மிளகு சேர்க்கிறோம், குர்குமினை உருமாற்றி வெளியே தள்ளும் வேலையை மிளகில் உள்ள பைப்பரின் என்ற பொருள் குடற்சுவரிலும் கல்லீரலிலும் தடுக்கிறது, அதனால் குர்குமின் ஏறுகிறது. எண்ணெய் இறக்குகிறது, மிளகு ஏற்றுகிறது. இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு முன்பு அரைப் பக்கம் ஆகும்.

ராகியிலும் பார்த்தேன். 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ள தானியம் அது, இரும்பும் உண்டு. ஃபைட்டேட் என்ற பொருள் இரண்டையும் இறங்கவிடாமல் பிடித்து வைக்கிறது. முளைகட்டினால் ஃபைட்டேஸ் என்ற நொதி எழுந்து அந்தப் பிடியை உடைக்கிறது; இரும்பு இறங்குகிறது.

அளவுகளுக்கு 'இறங்குபங்கு', 'ஏறுபங்கு' என்று வைக்கலாமா? வினைத்தொகை, ஒற்று மிகாது. வாத்தியார் ஐயா மகிழ்வார்.

ஈரோட்டிலிருந்து

மஞ்சள் மண்டியில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்கிறேன். 'மஞ்சளின் இறங்குபங்கு கூடியது' என்று எங்கேயும் அச்சடித்துவிடாதீர்கள். விரலி மஞ்சள் விலை விழுந்துவிட்டது என்று ஏலத்துக்கு முன்பே ஊர் பேசிவிடும். 'ஏறுபங்கு' என்றால் சொல்லவே வேண்டாம், அதைப் பங்குச்சந்தைக்காரர்கள் கொண்டுபோய்விடுவார்கள்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து

மண்டிக்காரர் சொல்வதில் பாதி கிண்டல், பாதி நியாயம். கெடுப்பது 'பங்கு', வினைகளை விட்டுவிட வேண்டாம். 'கொள்ளளவு' என்று ஒரு சொல் நம்மிடம் நன்றாக ஊன்றி நிற்கிறது அல்லவா? அதே வார்ப்பில் ஊற்றுங்கள். இறங்கு + அளவு, இறங்களவு. ஏறு + அளவு, ஏறளவு. குற்றியலுகரம் தானாக விலகி வழிவிடும். விலைக்கு யாரும் 'அளவு' சொல்வதில்லை.

தாராபுரத்திலிருந்து

மருத்துவன் என்ற முறையில் இரண்டு குறிப்புகள்.

ஒன்று, 'ஏறளவு' எனக்குப் பிடித்திருக்கிறது, மருந்துகளுக்கும் பொருந்தும். ஊசி வழியாக நேரே ரத்தக்குழாயில் செலுத்தினால் ஏறளவு 100 விழுக்காடு. மாத்திரைக்கு அதற்குக் கீழே. பாடம் நடத்த வசதியான சொல். சாயக்கார நண்பர் சொன்ன 'பிடித்தல்' மூன்றாவது படி. ஏறிய இரும்பு ரத்த அணுவில் போய் அமர்வது அது. அதற்குச் சொல் ஆக்கும்போது 'பிடிப்பு' என்று வைத்துவிடாதீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது முதுகில் இருக்கிறது.

இரண்டு, மிளகு. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998இல் செய்த ஆய்வை எல்லோரும் கையில் எடுத்துக்கொண்டு திரிகிறார்கள்: 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்ததும் குர்குமினின் ஏறளவு 2000 விழுக்காடு கூடியது என்று. உண்மைதான். ஆனால் தனியாகக் கொடுத்தபோது ஏறியது ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததை 20ஆல் பெருக்கினால் எவ்வளவு வரும்? அங்கே கொடுத்தது 2 கிராம் குர்குமின். மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 விழுக்காடுதான் என்று வைத்தால், 60 கிராமுக்கு மேல் தூள் வேண்டும். அந்தக் குழம்பை யார் வாயில் வைப்பது? இன்னொன்று, பைப்பரின் மாத்திரைகள் வேறு மருந்துகளின் ஏறளவையும் கூட்டிவிடும், வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாயின் உட்பட. துண்டறிக்கையில் இதைச் சேருங்கள் அம்மா. ரசத்தில் போடும் மிளகுக்கு நான் தடை சொல்லவில்லை.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இறங்காதது, ஏறாதது எல்லாம் வீணா?

கோவையிலிருந்து

டாக்டர் கேட்டதை நேற்று வேறொருவரும் கேட்டார். திருத்திய வரிகளை அந்தப் பெருந்துறைப் பெரியவருக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். 'மஞ்சளில் உள்ள குர்குமினின் ஏறளவு மிகக் குறைவு.' விளக்கம் கேட்கவில்லை. "சரி, ஏறாதது எங்கே போகிறது?" என்றுதான் கேட்டார்.

பெருங்குடலுக்குப் போகிறது என்றேன். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன, மேலே நமக்குப் பயன்படாததை அவை எடுத்து வேறொன்றாக மாற்றுகின்றன, குர்குமினையும்தான். பழைய சோற்றை எடுத்துக்கொள்ளுங்கள்: சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காத வடிவத்துக்கு இறுகிவிடுகிறது. கீழே போனதும் நுண்ணுயிர்கள் அதை நொதிக்க வைத்துப் பியூட்டிரேட் போன்ற அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முதன்மையான எரிபொருளே அந்தப் பியூட்டிரேட்தான். ஆகவே அதை 'எச்சம்' என்றோ 'கழிவு' என்றோ எழுத எனக்கு மனம் வரவில்லை, ஐயா, என்ன சொல் வைப்பது என்று தெரியாமல் திண்டாடுகிறேன் என்றேன்.

அவருடைய சம்பந்திக்குக் கீழ்பவானி வாய்க்காலின் கடைசிப் பகுதியில் நிலம். 200 கிலோமீட்டர் ஓடி, 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிற வாய்க்கால்; தண்ணீர் கடைசி வரை வந்ததா என்பதுதான் அந்தக் குடும்பத்தில் ஒவ்வொரு போகத்துக்கும் பேச்சு. அவர் சற்றும் யோசிக்காமல் சொன்னார்: "தலைமடைக்காரன் எடுத்தது போக மீதிதான் கடைமடைக்கு வரும். அங்கேயும் குடித்தனம் இருக்கிறது, அம்மணி."

கடைமடையளவு. விழுங்கியதில் பெருங்குடல் வரை போய்ச் சேருவது எவ்வளவோ அது. நார்ச்சத்துக்கும் பொருந்தும், ஆறிய சோற்றின் மாவுச்சத்துக்கும் பொருந்தும், ராகித் தோலில் உள்ள துவர்ப்புப் பொருள்களுக்கும் பொருந்தும். மேலே எல்லாம் ஏறிவிட்டால் கீழே வறட்சி என்பதும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதை நான் தனியாக விளக்க வேண்டியதில்லை.

மூன்று சொற்களையும் போட்டுத் துண்டறிக்கையைத் திருத்திவிட்டேன். மாத்திரை பற்றிய டாக்டரின் எச்சரிக்கை முதல் பக்கத்திலேயே இருக்கிறது. 'கடைமடையளவு' நீளம் என்று வாத்தியார் ஐயா கருதினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்கிறேன். 'உயிர்' என்ற சொல் இந்த முறை ஓரிடத்தில்தான் வருகிறது, நுண்ணுயிர்களில். விதைமஞ்சளைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.