இரவில பூக்கிற பூக்கண்டு வைச்சா பாம்பு வருமோ? (தெகிவளை, சின்ன வளவு)

தெகிவளை_வளவு:
வணக்கம். கன காலம் வெள்ளவத்தையில பிளட்டில இருந்திட்டு இப்பதான் தெகிவளைப் பக்கம் வளவோட ஒரு வீட்டுக்கு வந்திருக்கிறம். பின்பக்கம் ஒரு மூண்டு பேர்ச்சஸ் வரும், மதிலோரமா முந்தி இருந்தவை வைச்ச கொய்யாவும் ஜம்புவும் நிக்குது, ரெண்டும் நல்லாக் காய்க்குது. நானும் மனுசியும் வேலை முடிஞ்சு காலி வீதி ட்ராபிக்கையும் தாண்டி வீட்ட வர ஏழு மணி ஆகிடும், பகல்ல பூக்கிற பூ எங்கட கண்ணிலயே படாது, அதால இரவில பூக்கிறதா வைச்சு ரெண்டு கதிரையைப் போட்டு அதுக்குள்ள இருக்கவேணும் எண்டு சரியான ஆசை. இரவு ராணி, பவளமல்லி, கடுபுல் மூண்டும் யோசிச்சு வைச்சிருக்கிறம். அம்மா ஒரே பிடியா நிக்கிறா, வாசத்துக்குப் பாம்பு வரும், சின்னப் பிள்ளை இருக்கிற வீடு, வேண்டாம் எண்டு. உண்மையோ? மற்றது, இன்னுமொரு பழமரத்துக்கு இடம் இருக்கு, கறுத்தக்கொழும்பான் மாங்கண்டு வைச்சா இங்க காய்க்குமோ?

மரக்கிறுக்கன்:
அம்மான்ர பயம் விளங்குது, எங்கட ஊர்கள்ல எல்லா வீட்டிலயும் இதைச் சொல்லுவினம். ஆனா பாம்பு பூவின்ர வாசத்துக்கு வாறேல்லை, எலியையும் தவளையையும் தேடித்தான் வாறது. இரவுப்பூ அனேகமா வெள்ளையா, வாசமா இருக்கிறது அந்துப்பூச்சிக்காக, இருட்டில அது வந்து மகரந்தம் கொண்டுபோறதுக்கு. நீங்கள் பாக்கவேண்டியது அந்தக் கொய்யாவையும் ஜம்புவையும்! இரவில வௌவால் வந்து பாதி கடிச்சுப் போட்டிட்டுப் போகும், விழுந்த பழத்துக்கு எலி வரும், எலிக்குப் பின்னால சாரையோ நாகமோ வரும். அதால பின்னேரமும் காலமையும் விழுந்ததைக் கூட்டி அள்ளுங்கோ, மதிலோரம் ஓலை, பழைய ஓடு, கல்லுக்குவியல் ஒண்டும் வைக்காதேங்கோ, பூக்கொடியையும் நிலத்தில படரவிடாம மேல ஏத்துங்கோ. கொய்யாக் காய் தேசிக்காய் அளவு வரேக்க பேப்பர் பையால கட்டிவிட்டா பழ ஈயும் குத்தாது, விழுறதும் குறையும்.

பிள்ளை இருக்கிறதால இரவு ராணியை மட்டும் யோசிச்சு வையுங்கோ. அதின்ர வெள்ளைப் பழம் நஞ்சு. வாசமும் படுக்கை அறை யன்னலுக்குக் கிட்ட எண்டா தலையிடி தரும், இழுப்பு உள்ள ஆக்களுக்குச் சரிவராது. பவளமல்லிக்கு அந்தக் கரைச்சல் இல்லை. பின்னேரம் விரிஞ்சு விடியக் கொட்டும், நிலத்தில விழுந்ததையே பொறுக்கிச் சாமிக்கு வைக்கலாம், அம்மாவுக்கும் அது பிடிக்கும். உயரமா வளர விடாம பூத்து முடிய வெட்டிவிடுங்கோ.

வத்தளை_அக்கா:
கடுபுல் பத்தி நான் சொல்றேன் தம்பி, எங்க வீட்டு வாசல்ல மாமரத்துல தொங்குது, எனக்கு உசிர் அது. அது கள்ளி வகை, சொந்த ஊர் மெக்சிகோ பக்கம், ஆனா நம்ம நாட்டுல அத பத்தி ஒரு கதை இருக்கு, அது பூக்கிறப்ப நாகலோகத்துல இருந்து நாகர் எறங்கி வந்து சிவனொளிபாதமலையில புத்தருக்கு வச்சு கும்பிடுவாங்கன்னு சிங்கள ஆளுங்க சொல்வாங்க. அம்மாகிட்ட இத சொல்லிறாதீங்க, இன்னும் பயப்படுவாங்க! வெதை எல்லாம் வேணாம், யார்கிட்டயாவது ஒரு எலைத்துண்டு வாங்கி, வெட்டின எடம் காயுற வரைக்கும் நெழல்ல வச்சிட்டு அப்புறம் நடுங்க. வெறும் மண்ணு வேணாம், தும்பு, கரித்துண்டு, கொஞ்சம் மக்கின எரு, அவ்வளவுதான், தண்ணி தேங்கினா அழுகிரும். நேர் வெயில் வேணாம், காலை வெயில் போதும். யூரியா போட்டா எலையா வளரும், பூக்காது. பூக்க ரெண்டு மூணு வருசம் ஆகும், பொறுமையா இருங்க. மொட்டு தொங்கிட்டு இருந்து நுனி மேல வளைஞ்சு உப்பி வந்துச்சுன்னா அன்னிக்கு ராத்திரிதான், எட்டு ஒம்பது மணிக்கு தொறக்க ஆரம்பிக்கும், நடுச்சாமத்துல முழுசா விரியும், விடியிறதுக்குள்ள வாடிரும். அன்னிக்கு அக்கம்பக்கத்து ஆளுங்கள கூப்பிட்டு தேத்தண்ணி போட்டு குடுத்து எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாருங்க, அதுல இருக்கிற சந்தோஷமே வேற.

சாடிக்கு கீழ தட்டு மட்டும் வச்சிராதீங்க. டெங்கு நுளம்பு அதுலதான் முட்டை போடும், கொழும்புல பீஎச்ஐ, அதான் சுகாதார பரிசோதகர், வந்து பார்த்தா கேஸ்தான்.

கொட்டாஞ்சேனை_மோகன்:
கறுத்தக்கொழும்பானுக்குப் பேர்தான் கொழும்பான், அது யாழ்ப்பாண வெயிலுக்கு ஆன மரம். மா பூக்கிறதுக்கு முதல் கொஞ்ச நாள் நல்லாக் காயவேணும், இங்க பூ வாற நேரம் மழை பெஞ்சா பூங்கொத்து கறுத்துக் கொட்டிடும். மாதான் வேணுமெண்டா விலாட் ஒட்டுக்கண்டு வையுங்கோ, மரமும் சின்னன்.

நானெண்டா அந்த இடத்தில ட்ராகன் புரூட் வைப்பன். அதுவும் கடுபுல்லின்ர சொந்தம்தான், பூவும் அதே மாதிரிப் பெரிசா வெள்ளையா இரவிலதான் விரியும், பிறகு ஒரு மாசத்தில பழம். நீங்கள் கேட்ட ரெண்டும் ஒரே கண்டில! கொங்கிறீட் தூண் ஒண்டு நட்டு மேல பழைய டயர் கட்டி ஏத்தவேணும், டயருக்குள்ள தண்ணி நிக்காம ஓட்டை போடுங்கோ. சில இனம் தன்ர மகரந்தத்தில காய்க்காது, அதால ரெண்டு இனம் வைச்சு, பூத்த இரவே பிரஷ்ஷால ஒண்டில இருந்து மற்றதுக்குத் தடவிவிடுங்கோ. நீங்கள் இரவில வீட்டில நிக்கிற ஆக்கள், பிறகென்ன.

தெகிவளை_வளவு:
எல்லாருக்கும் கோடி நன்றி. அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன், பவளமல்லிக்கு ஓம் எண்டிட்டா, இரவு ராணியை விட்டிட்டம். கண்டு எங்க வாங்கலாம்?

மரக்கிறுக்கன்:
பத்தரமுல்லை தியத உயன பூங்காவில கண்டு விக்கிற கடையள் வரிசையா இருக்கு. ஒட்டு வடிவாப் பிடிச்சிருக்கோ எண்டு பாத்து, வேர் சாடிக்கு வெளியால வராத கண்டா எடுங்கோ.