புதுப்பிப்பு: எஃப்எஃப்எம்பெக்கை நானே கட்டிவிட்டேன்

போன பதிவில் கேட்டது இதுதான்: உப்புவெளி டியூஷன் வகுப்பின் ஒலிப்பதிவுகளைச் சுருக்க டெபியன் லினக்ஸ் தரும் எஃப்எஃப்எம்பெக் (ஒலி, காணொளிக் கோப்புகளை மாற்றும் மென்பொருள்) பைனரியே, அதாவது ஆயத்தமாகக் கட்டிய வடிவமே போதுமா, சோர்ஸிலிருந்து (மூல நிரலிலிருந்து) நானே கம்பைல் செய்து கட்ட வேண்டுமா?

குறைந்த பிட்ரேட்டிலும் பேச்சு தெளிவாக இருக்க எனக்கு எஃப்டிகே ஏஏசி குறியாக்கி (ஒலியைச் சுருக்கும் நூலகம்) வேண்டும். டெபியனின் பைனரியில் அது இல்லை. காரணம் உரிமம்: டெபியனின் எஃப்எஃப்எம்பெக் பின்பற்றும் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தோடு அது ஒத்துப்போகாது, சேர்த்துக் கட்டிய பைனரியைப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது.

கட்டியதை நேரே கணினியில் பதியும், பலர் சொன்ன 'மேக் இன்ஸ்டால்' வழியில் போகவில்லை. அப்படிப் போட்டால் எந்தக் கோப்பு எங்கே விழுந்தது என்று டெபியனில் மென்பொருளை நிறுவி நீக்கும் ஆப்டுக்குத் தெரியாது. பிறகு நீக்குவது பெரும்பாடு. டெபியனின் சோர்ஸ் பொதியையே இறக்கி, எப்படிக் கட்டுவது என்று சொல்லும் அதன் 'ரூல்ஸ்' கோப்பில் தேவையான தெரிவுகளைச் சேர்த்து, ஆப்ட் நிறுவக்கூடிய டெப் கோப்பாகவே கட்டினேன். கட்டுவதற்கான பொதிகளை 'ஆப்ட் பில்ட்-டெப்' கொண்டுவந்தது (டேட்டாவும் கரைந்தது). எஃப்டிகே நூலகத்தை மட்டும் டெபியனின் நான்-ஃப்ரீ (கட்டற்ற உரிமம் இல்லாத மென்பொருள்) பகுதியிலிருந்து தனியாக எடுத்தேன்.

இப்போது நன்றாக ஓடுகிறது. ஆப்ட் அதன்மேல் டெபியனின் பைனரியை ஏற்றிவிடாமல் 'ஹோல்ட்' போட்டு நிறுத்தி வைத்திருக்கிறேன். ஆக, பாதுகாப்புத் திருத்தம் வரும்போதெல்லாம் நான்தான் மறுபடி கட்ட வேண்டும். மற்றதெல்லாம் பைனரிதான், வேலை இல்லாதவன்தான் லிப்ரே ஆபிஸைக் கம்பைல் செய்வான்.

அப்புறம், நிலாவெளியிலிருந்து டெப் கோப்பைக் கேட்ட தம்பிக்கு: மேலே சொன்ன உரிமத்தால் அதைத் தர முடியாது. மாற்றிய ரூல்ஸ் கோப்பை அனுப்புகிறேன், உங்கட கணினியிலேயே கட்டிக்கொள்ளுங்கள்.