தெளிவாக இருக்கிறாள், டிரிப்பை ஏன் நிறுத்த மறுக்கிறார்கள்?

கேள்வி:
என் அக்கா மகள் நேற்று இரவு பாராசிட்டமால் மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கிவிட்டாள். உடனே மருத்துவமனையில் சேர்த்தோம். இப்போது நன்றாகப் பேசுகிறாள், இட்லியும் சாப்பிட்டாள். ஆனாலும் டிரிப்பை நிறுத்த மறுக்கிறார்கள். மனநல மருத்துவரும் பார்க்க வேண்டுமாம். போலீஸ் வழக்காகிவிடும் என்று அஞ்சும் அத்தான், கையெழுத்துப் போட்டு அழைத்துச் சென்றுவிடலாம் என்கிறார். அது சரியா?

மறுமொழி (அவசர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்):
தயவுசெய்து அழைத்துச் செல்லாதீர்கள். இந்த மருந்தைப் பொறுத்தவரை முதல் நாள் தெளிவை நம்பவே கூடாது. குமட்டலோடு அடங்கிவிட்டதைப் போலத் தோன்றி, இரண்டாம் மூன்றாம் நாளில்தான் கல்லீரல் பாதிப்பு வெளிப்படும். பாராசிட்டமால் கல்லீரலில் சிதையும்போது உண்டாகும் நச்சுப் பொருளை அங்குள்ள குளூட்டாதையோன் என்ற காப்புப் பொருள் செயலிழக்கச் செய்கிறது. அளவு மீறினால் அந்தக் கையிருப்பு தீர்ந்து, நச்சு கல்லீரல் செல்களையே தாக்குகிறது. டிரிப்பில் ஏறும் அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து அந்தக் கையிருப்பை மீண்டும் நிரப்புகிறது. விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் கல்லீரல் பெரும்பாலும் தப்பிவிடும், தாமதமானாலும் பயனுண்டு. பரவலாகப் பின்பற்றப்படும் முறையில் இதை 21 மணி நேரம் ஏற்றுவார்கள். அதன்பின் கல்லீரல் நொதிகளையும் இரத்தம் உறையும் தன்மையையும் சோதித்துவிட்டுத்தான் நிறுத்துவார்கள்.

மறுமொழி (மனநல ஆலோசகர்):
மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் தருவதும், அவர்கள் வந்து விசாரித்துச் செல்வதும் வழக்கமான நடைமுறை. ஆனால் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவே இல்லை. இதை அத்தானிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

உறவினர்கள் வந்து, "சும்மா பயமுறுத்தப் பார்த்திருக்கிறாள்" என்பார்கள். அவள் காதில் அது விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; ஒரு முறை முயன்றவருக்கு மீண்டும் முயலும் அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல். "இன்னும் சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, கண்ணு?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது; பலருக்கு அது மூச்சு விட்டதைப் போன்ற ஆறுதலைத் தருகிறது.

மறுமொழி (மற்றொரு வாசகர்):
வீடு திரும்பியதும் மாத்திரைகள், பூச்சிமருந்து எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள். சென்னையும் கொழும்பும் உட்பட 5 இடங்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2008இல் முடிவு வெளியான ஆய்வில், முயன்றவர்களோடு 18 மாதங்கள் தொலைபேசியிலோ நேரிலோ தொடர்பில் இருந்தபோது தற்கொலை மரணங்கள் குறைந்தன. ஆகவே அடுத்த சந்திப்பு நாளைக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகே புறப்படுங்கள். நடுவில் எந்த நேரத்தில் பதற்றமானாலும் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். அவளும் பேசலாம், நீங்களும் பேசலாம்.